சோறும் போடும், விஷமும் கக்கும்! சொறிமீன் உடலில் குடியிருக்கும் அதிசயப் பாசி

காஞ்சிபுரம் பட்டுச் சேலையின் சிறப்பு எதில் இருக்கிறது?

கரையில் என்பார்கள் சிலர். முந்தானையில் என்பார்கள் சிலர். தறிக் குழியில் கால் வைத்தவர்களோ, "கோர்வையில் இருக்கிறது" என்பார்கள்.

சேலையின் உடல் ஒரு நிறம். கரை வேறு நிறம். இரண்டுக்கும் தனித்தனியே நாடா ஓட்டி, இழைக்கு இழை பூட்டி நெய்வதுதான் கோர்வை. பழைய முறைப்படி இதற்கு ஒரே தறியில் இரண்டு பேர் வேண்டும். நெசவாளி ஒரு பக்கம். கரைக்கு நாடா தள்ளும் துணையாள் மறு பக்கம். ஒருவர் கை தவறினால் மற்றவர் உழைப்பும் வீண்!

இது போல ஒரு கூட்டுத் தறி கடலிலும் ஓடிக் கொண்டிருக்கிறது. அதில் ஒரு ஆள், சொறிமீன். மற்றொரு ஆள், கண்ணுக்கே தெரியாத பாசி!

இந்த இருவரும் எப்படிச் சேர்ந்து வாழ்கிறார்கள்? சேர்ந்து வாழ்வதால் வரும் ஆபத்தை எப்படிச் சமாளிக்கிறார்கள்? அந்த உறவு முறிந்தால் நம்முடைய கடற்கரைக்கு என்ன நேரும்? விஞ்ஞானிகள் கண்டறிந்த அந்தக் கதையைப் பார்ப்போம்.

மீன் அல்லாத மீன்

காஞ்சிபுரத்துக்காரர்களுக்குக் கடல் அதிக தூரம் இல்லை. பல்லவர்களின் தலைநகரம் காஞ்சி என்றால், அவர்களுடைய துறைமுகம் மாமல்லபுரம். விடுமுறை நாளில் பிள்ளை குட்டிகளோடு அங்கே போகிறவர்கள் பலர்.

அங்கே மணலில், வெந்த ஜவ்வரிசிக் கூழைக் கொட்டியது போல ஏதோ ஒன்று கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். நுங்கு போல வழவழப்பாக இருக்கும். பிள்ளைகள் குச்சியால் குத்திப் பார்ப்பார்கள். அதுதான் சொறிமீன்.

தொட்டால் தோல் அரிக்கும், தடிக்கும். அதனால் கடலோர மக்கள் அதைச் "சொறி" என்கிறார்கள். புத்தகங்களில் "இழுதுமீன்" என்று எழுதுகிறார்கள். "ஜெல்லி மீன்" என்றும் சொல்வதுண்டு.

பெயரில்தான் மீன். உண்மையில் அது மீனே அல்ல! அதற்கு முள் இல்லை. எலும்பு இல்லை. இருதயம் இல்லை. இரத்தம் இல்லை. மூளையும் இல்லை. உடம்பில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தண்ணீர்தான்.

ஆனால் அதை இளக்காரமாக எண்ணி விடக் கூடாது. கல்பாக்கம் அணு மின்சார நிலையம் தன் இயந்திரங்களைக் குளிர்விக்கக் கடல் நீரை உள்ளே எடுக்கிறது. அந்த வழியில் சொறிமீன்கள் கூட்டமாக வந்து அடைத்துக் கொண்டு, பெரிய தொல்லை கொடுத்திருக்கின்றன!

நமது பக்கத்துக் கரையில் ஒதுங்கும் சொறிமீன்கள் பெரும்பாலும் இரை பிடித்துத் தின்று வாழ்பவை. நாம் பார்க்கப் போவது வேறு ஒரு ரகம். அது இரைக்காக அதிகம் அலைவதில்லை. வெயிலில் படுத்தே வயிற்றை நிரப்பிக் கொள்கிறது!

மல்லாந்து கிடக்கும் பிராணி

இந்த ரகத்துக்குக் "காசியோப்பியா" என்று பெயர். கிரேக்கக் கதையில் வரும் ஒரு ராணியின் பெயர் அது.

மற்ற சொறிமீன்கள் குடையை விரித்தது போல நீந்தும். குடை மேலே, கைகள் கீழே. காசியோப்பியா அதற்கு நேர் எதிர். ஆழம் குறைந்த, வெயில் படும் இடத்தில், குடையைத் தரையில் பதித்து மல்லாந்து படுத்துக் கொள்ளும். கைகளை எல்லாம் வானத்தை நோக்கி விரித்து வைக்கும். பார்த்தால் கடலடியில் ஒரு பூச்செடி மலர்ந்தது போல இருக்கும். பெரியது ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலம் வரை வளரும்.

செங்கடலில் கிடைத்த இந்தப் பிராணியைப் பற்றி, பீட்டர் போர்ஸ்கால் என்ற அறிஞர் எழுதி வைத்த குறிப்பு, அவர் இறந்த பிறகு 1775-ம் ஆண்டில் அச்சாகி வெளிவந்தது. நம் நாட்டிலும் இந்தப் பிராணி உண்டு. குஜராத்தில் உள்ள கட்ச் வளைகுடாவில் அது குட்டியாக இருந்து பெரிதாகும் விதத்தைக் கவனித்த ஆராய்ச்சியாளர்கள், 2016-ம் ஆண்டில் அதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள்.

அது ஏன் மல்லாந்து படுக்கிறது? சோம்பலா? இல்லை. அது தன் தோட்டத்துக்கு வெயில் காட்டுகிறது!

உடலுக்குள் ஒரு தோட்டம்

காசியோப்பியாவின் கைகளில் பழுப்பும் பச்சையும் கலந்த நிறம் உண்டு. அது பெரும்பாலும் அதனுடைய சொந்த நிறம் அல்ல. உள்ளே குடியிருக்கும் பாசியின் நிறம்.

குளத்துப் படியில் வழுக்குகிறதே, அந்தப் பாசி போல இது கொத்தாக வளர்வதில்லை. ஒவ்வொரு பாசியும் தனித்தனி உருண்டை. நூறு உருண்டைகளை வரிசையாக நிறுத்தினால்தான் ஒரு மில்லி மீட்டர் நீளம் வரும். அவ்வளவு சிறியது! மைக்ராஸ்கோப் இல்லாமல் பார்க்க முடியாது. ஒரு சொறிமீனின் உடலில் இவை கோடிக் கணக்கில் இருக்கும்.

1962-ம் ஆண்டில் ஹ்யூகோ பிராய்டெந்தால் என்ற விஞ்ஞானி, காசியோப்பியாவில் குடியிருக்கும் பாசியை ஆராய்ந்து "சிம்பையோடினியம்" என்று பெயர் வைத்தார். "கூடி வாழ்வது" என்ற பொருள் அந்தப் பெயரில் இருக்கிறது.

பாசிக்கும் சொறிமீனுக்கும் இடையே ஒரு கொடுக்கல் வாங்கல் நடக்கிறது.

செடி கொடிகள் சூரிய வெளிச்சத்தில் உணவு தயாரிப்பது உங்களுக்குத் தெரியும். பாசியும் அதே சமையலைச் செய்கிறது. கரியமில வாயுவையும் தண்ணீரையும் சேர்த்துச் சர்க்கரைச் சத்தைத் தயாரிக்கிறது. அதில் ஒரு பங்கைத் தனக்கு வைத்துக் கொண்டு, பெரும் பங்கை வீட்டுக்காரனான சொறிமீனுக்குக் கொடுக்கிறது. நல்ல வெயில் நாளில், சொறிமீனின் உடம்புக்கு வேண்டிய சக்தி முழுவதும் இந்த வரவிலேயே கிடைத்து விடும்!

வீட்டுக்காரன் சும்மா வாங்கிக் கொள்கிறானா? இல்லை. பாசிக்குப் பத்திரமான இடம் தருகிறான். தன் உடம்பில் சேரும் கழிவை உரமாகத் தருகிறான். அவ்வப்போது சின்னஞ்சிறு பூச்சிகளைப் பிடித்துத் தின்று, அதில் வரும் சத்தையும் பகிர்ந்து கொள்கிறான்.

இங்கே வாடகையும் உண்டு, உரமும் உண்டு!

பாசி வந்தால்தான் பருவம்

தாய்ச் சொறிமீன் இடும் முட்டையில் பாசி இருப்பதில்லை. குட்டி வெறும் கையோடுதான் பிறக்கிறது.

பிறந்த குட்டி முதலில் நீந்தித் திரியும். பிறகு ஓர் இலையிலோ கல்லிலோ ஒட்டிக் கொண்டு, ஒரு சிறு காம்பு போல நிற்கும். அதற்குப் "பாலிப்" என்று பெயர். கடல் நீரில் மிதந்து வரும் பாசியை அது விழுங்குகிறது. மற்ற இரையாக இருந்தால் ஜீரணித்து விடும். இந்தப் பாசியை மட்டும் ஜீரணிக்காமல் உடலுக்குள் குடி வைத்துக் கொள்கிறது!

அதன் பிறகுதான் அந்தக் காம்பின் தலை குடையாக விரிந்து, அறுந்து, சொறிமீனாக நீந்திப் போகும். பாசி வந்து சேராத பாலிப் சாதாரணமாகச் சொறிமீனாக மாறுவதில்லை. காம்பாகவே நிற்கும். விருந்தாளி வந்து சேர்ந்த பிறகுதான் பிள்ளை பெரியவனாகிறான்!

என்சைம் என்றால் என்ன?

இந்தக் கூட்டுக் குடித்தனத்தில் இரண்டு பெரிய சிக்கல்கள் உண்டு. இரண்டையும் தீர்த்து வைப்பது என்சைம். தமிழில் நொதி என்பார்கள்.

என்சைம் ஏதோ புதுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். ஒரு வாய் வெறும் சோற்றை எடுத்து, விழுங்காமல் இரண்டு மூன்று நிமிடம் மென்று பாருங்கள். மெல்ல மெல்ல இனிக்கும். சோற்றில் யார் சர்க்கரை போட்டது? உங்கள் எச்சிலில் உள்ள என்சைம்தான் சோற்று மாவை உடைத்து இனிப்பாக மாற்றியது!

உடம்பில் நடக்க வேண்டிய இரசாயன வேலைகள் தாமாக நடந்தால் மிக மெதுவாக நடக்கும். என்சைம் கை வைத்தால் மளமளவென்று நடக்கும். வேலையை முடித்து விட்டுத் தான் செலவாகாமல் அடுத்த வேலைக்குப் போய் விடும். ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு என்சைம். பாவு ஓட்டுகிறவர் ஒருவர், சாயம் போடுகிறவர் ஒருவர், நெய்கிறவர் ஒருவர் என்று பட்டு வேலை பிரிந்திருப்பது போலத்தான்.

முதல் சிக்கல்: மூலப்பொருள் பஞ்சம்

பாசி சமைக்க வேண்டுமானால் கரியமில வாயு வேண்டும். ஆனால் பாசியோ வெளியில் இல்லை. சொறிமீனின் உடலுக்குள் இருக்கிறது. வாயு அங்கே எப்படிப் போகும்?

கடல் நீரில் கரியமிலச் சரக்கு ஏராளம். ஆனால் அதில் பத்தில் ஒன்பது பங்கு வாயுவாக இல்லை. "பைகார்பனேட்" என்ற வடிவில் கரைந்து கிடக்கிறது. உங்கள் வீட்டுச் சமையல் அறையில் இருக்கும் ஆப்ப சோடாவில் உள்ளதும் அதுதான்.

ஆப்ப சோடாவில் எலுமிச்சம் பழச் சாறு விட்டால் நுரைத்துப் பொங்குகிறது அல்லவா? அந்த நுரைக்குள் இருப்பது கரியமில வாயு. சோடாவில் அடைபட்டிருந்த வாயு விடுதலை பெற்று விட்டது.

கடல் நீரில் அடைபட்டிருக்கும் வாயுவை விடுவிக்க ஓர் என்சைம் இருக்கிறது. அதன் பெயர் "கார்பானிக் அன்ஹைட்ரேஸ்". வேகத்தில் இதற்கு ஈடு சொல்வது கடினம். இதில் ஒரே ஒரு அணுக்கூட்டு, ஒரு விநாடியில் சுமார் பத்து லட்சம் தடவை தன் வேலையைச் செய்ய வல்லது!

நம் இரத்தத்திலும் இது இருக்கிறது. உடம்பில் சேரும் கரியமில வாயுவை மூச்சு வழியே வெளியேற்ற உதவுகிறது. 1930-களின் தொடக்கத்தில் இரத்தத்தில்தான் இதை முதன் முதலில் கண்டுபிடித்தார்கள்.

நாம் வாயுவை வெளியே தள்ள இதைப் பயன்படுத்துகிறோம். பாசியை வளர்க்கும் பிராணியோ வாயுவை உள்ளே சேர்க்கப் பயன்படுத்துகிறது! கடல் சாமந்தி முதலிய பிராணிகளை வைத்து 1980-களில் சோதனைகள் நடந்தன. பாசியோடு வாழும் பிராணியின் உடலில் இந்த என்சைம் அதிகம். அதே பிராணி பாசியில்லாமல் வளர்ந்தால் இது குறைவு. 2003-ம் ஆண்டில், காசியோப்பியாவின் உடலிலும் இந்த என்சைம் வேலை செய்வதை அளந்து காட்டினார்கள்.

வேலைக்காரனுக்கு நூல் எடுத்துக் கொடுக்கும் வீட்டுக்காரன் என்றே சொறிமீனைச் சொல்லலாம்!

இரண்டாவது சிக்கல்: பிராணவாயுவே விஷம்!

பாசி சமைக்கும் போது பிராணவாயு வெளியாகிறது. பிராணவாயு நல்லதுதானே என்பீர்கள். அளவோடு இருந்தால் நல்லது. அளவு மிஞ்சினால்?

மழையில் நனைந்த இரும்பு துருப்பிடிக்கிறது. திறந்து வைத்த எண்ணெய் நாளடைவில் காறிப் போகிறது. இரண்டுக்கும் காரணம் பிராணவாயு.

உச்சி வெயில் நேரத்தில் கோடிக் கணக்கான பாசிகளும் ஒரே சமயத்தில் பிராணவாயுவைக் கக்குகின்றன. அதுவும் உடலுக்குள்ளேயே! வெளியே கடல் நீரில் இருப்பதை விட உடலுக்குள் பிராணவாயு பல மடங்கு பெருகி விடுகிறது. அதில் ஒரு பகுதி "சூப்பர் ஆக்சைடு" என்ற முரட்டு வடிவமாக மாறுகிறது. எதைத் தொட்டாலும் அரித்து விடும் குணம் அதற்கு. உயிரணுவின் சுவரை அரிக்கும். உள்ளே இருக்கும் சத்துகளைச் சிதைக்கும்.

காலையில் சோறு போட்ட அதே பாசி, உச்சிப் பொழுதில் விஷமும் வைக்கிறது! வேண்டுமென்று வைப்பதல்ல. சமையலில் புகை வருவது போல, தொழிலோடு கூட வருகிற கேடு அது.

அடுப்பை அணைத்தால் சோறு இல்லை. அணைக்காவிட்டால் புகையில் மூச்சு முட்டும். என்ன செய்வது?

காவலுக்கு இரண்டு பேர்

இங்கேதான் இரண்டு என்சைம்கள் காவலுக்கு வருகின்றன.

முதல் காவலாளியின் பெயர் கொஞ்சம் நீளம். "சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ்". அமெரிக்காவில் ஜோ மெக்கார்ட், இர்வின் பிரிடோவிச் என்ற இருவர் 1969-ம் ஆண்டில் இதன் வேலையைக் கண்டறிந்தார்கள். அந்த முரட்டுப் பொருளைப் பிடித்து, "ஹைட்ரஜன் பெராக்சைடு" என்ற பொருளாக மாற்றி விடுகிறது இது.

அதுவும் நல்ல சரக்கு அல்ல. அதனால் இரண்டாவது காவலாளி வருகிறது. அதன் பெயர் "கேட்டலேஸ்". அது ஹைட்ரஜன் பெராக்சைடை உடைத்து, வெறும் தண்ணீராகவும் சாதாரணப் பிராணவாயுவாகவும் பிரித்து விடுகிறது. ஆபத்து தீர்ந்தது!

இந்த இரண்டாவது காவலாளியின் வேலையை நீங்கள் கண்ணால் பார்த்திருக்கலாம். ஆஸ்பத்திரியில் காயத்தின் மேல் தண்ணீர் போல ஒரு மருந்தை விட்டதும், வெள்ளை வெள்ளையாக நுரை பொங்கும். அந்த மருந்துதான் ஹைட்ரஜன் பெராக்சைடு. நம் இரத்தத்தில் உள்ள கேட்டலேஸ் அதை உடைக்கிறது. நுரைக்குள் இருப்பது பிராணவாயு!

ஜேம்ஸ் டைகன்ஸ், மால்கம் ஷிக் என்ற இரு விஞ்ஞானிகள் 1982-ம் ஆண்டில் ஒரு முக்கியமான உண்மையை வெளியிட்டார்கள். சொறிமீனின் உறவுப் பிராணியான கடல் சாமந்தியை அவர்கள் ஆராய்ந்தார்கள். பாசி நிறைந்த கடல் சாமந்தியில் காவல் என்சைம் அதிகம். நிழலில் வாழ்ந்து பாசி இல்லாமல் இருப்பதில் குறைவு. பாசி வெளியிடும் பிராணவாயுவின் அளவுக்கு ஏற்றபடி, பிராணி தன் காவலைக் கூட்டியும் குறைத்தும் வைத்துக் கொள்கிறது!

வரவு பெரிதானால் காவலும் பெரிதாக வேண்டும். இதை மூளையே இல்லாத பிராணி செய்கிறது!

சூரியனைத் துரத்தும் கூட்டம்

பசிபிக் மகா சமுத்திரத்தில் பலாவ் என்று ஒரு சிறிய தீவு நாடு இருக்கிறது. அங்கே ஒரு தீவின் நடுவே உப்பு நீர் ஏரி. அதில் பொன்னிறச் சொறிமீன்கள் லட்சக் கணக்கில் வாழ்கின்றன. காசியோப்பியாவைப் போல இவையும் உடலில் பாசி வளர்ப்பவை.

காலையில் சூரியன் கிழக்கே எழுந்ததும் கூட்டம் முழுவதும் கிழக்கே நீந்துகிறது. மாலையில் மேற்கே திரும்புகிறது. நிழல் விழும் கரை ஓரத்துக்கு மட்டும் போவதில்லை. அங்கே இவற்றைப் பிடித்துத் தின்னும் கடல் சாமந்திகள் காத்திருக்கின்றன. இரவில் ஆழத்தில் இறங்கி, பாசிக்கு வேண்டிய உரச் சத்தைச் சேகரித்துக் கொண்டு வருகின்றன. பகலில் வெயில், இரவில் உரம்!

காசியோப்பியாவுக்கு இரவில் வேறு பழக்கம். அது தூங்குகிறது! அமெரிக்காவில் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழக ஆராய்ச்சியாளர்கள் 2017-ம் ஆண்டில் இதை நிரூபித்தார்கள். பகலில் நிமிடத்துக்குச் சுமார் 60 தடவை துடிக்கும் குடை, இரவில் சுமார் 40 தடவைதான் துடிக்கிறது. இரவில் தூங்க விடாமல் தொல்லை கொடுத்தால் மறுநாள் சோர்ந்து கிடக்கிறது. நம்மைப் போலத்தான்!

சூடு ஏறினால் உறவு முறியும்

இவ்வளவு கட்டுக்கோப்பான குடித்தனமும் ஒன்றுக்கு அஞ்சுகிறது. அதுதான் சூடு.

கோடையில் கடல் நீர் சூடாவது வழக்கம். அந்த வழக்கத்தை விட ஒரு டிகிரி கூடி, அதுவும் சில வாரங்கள் நீடித்தால் போதும். பாசியின் சமையல் இயந்திரம் பழுதாகிறது. வெளிச்சம் விழுந்தபடி இருக்கும். அதை உணவாக மாற்ற முடியாது. சோறு குறையும். விஷம் கூடும். காவல் என்சைம்களுக்குத் தாங்க முடியாத பளு ஏறும்.

கடைசியில் என்ன நடக்கும்? வீட்டுக்காரன் பாசியை வெளியே தள்ளி விடுகிறான். நிறம் போகிறது. உடம்பு வெளிறிப் போகிறது.

பலாவ் ஏரியிலும் இந்தச் சோதனை வந்தது. 1998-ம் ஆண்டில் ஏரி நீர் சூடேறியது. பொன்னிறச் சொறிமீன்கள் மறைந்தே போயின. அடியில் ஒட்டியிருந்த பாலிப்புகள் பிழைத்திருந்ததால், 2000-ம் ஆண்டில் கூட்டம் மீண்டும் தலை காட்டியது. 2016-ம் ஆண்டை ஒட்டி மறுபடியும் எண்ணிக்கை பெரிதும் குறைந்தது.

நம் கடலில் நடந்தது

பலாவ் எங்கோ இருக்கிறது, நமக்கு என்ன என்று இருந்து விட முடியாது. நம் தமிழ்நாட்டிலேயே இதே குடித்தனம் மிகப் பெரிய அளவில் நடக்கிறது.

காஞ்சியிலிருந்து ராமேஸ்வரம் யாத்திரை போகிறவர்கள் பாம்பன் பாலத்தைக் கடக்கிறார்கள். பாலத்தின் தெற்கே தெரிவது மன்னார் வளைகுடா. அங்கே ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகள் வரிசையாக அமைந்தன. அவற்றைச் சுற்றிப் பவளப் பாறைகள்.

பாறை என்று பெயர். அதைக் கட்டுவது உயிருள்ள பிராணி! பவளப் பிராணியும் சொறிமீனும் ஒரே குலம். பவளத்தின் உடலிலும் இதே இனத்துப் பாசிதான் குடியிருக்கிறது. கார்பானிக் அன்ஹைட்ரேஸ் அங்கேயும் உண்டு. இரண்டு காவலாளிகளும் அங்கேயும் உண்டு. பாசி கொடுக்கும் சத்தை உண்டுதான் பவளம் சுண்ணாம்புக் கூடு கட்டுகிறது.

இந்தப் பகுதியைத் தமிழ்நாடு அரசு 1986-ம் ஆண்டில் கடல் தேசியப் பூங்காவாக அறிவித்தது. 1989-ம் ஆண்டில் இது உயிர்க்கோளக் காப்பகம் ஆயிற்று.

ஆனால் சூட்டுக்கு அரசு உத்தரவு தெரியுமா? 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கோடைச் சூடு அளவு மீறியது. மன்னார் வளைகுடாவில் பவளங்கள் வெளிறின. 2016-ல் அடித்த அடி பலமானது. பவளப் பகுதியில் நூற்றுக்குச் சுமார் 39 பங்காக இருந்த உயிருள்ள பவளம், அந்த ஒரே கோடையில் சுமார் 23 பங்காகக் குறைந்தது!

2024-ம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், உலகம் முழுவதும் பவளங்கள் வெளிறி வருகின்றன என்றும், இது நான்காவது முறை என்றும் விஞ்ஞானிகள் அறிவித்தார்கள்.

வெளிறிய பவளம் உடனே செத்து விடுவதில்லை. பட்டினி கிடக்கிறது. சில வாரங்களில் நீர் குளிர்ந்தால் பாசி திரும்பி வரும்; பிழைத்துக் கொள்ளும். சூடு நீடித்தால் சாகும்.

மூழ்கிய தீவுகள்

பவளம் செத்தால் யாருக்கு நஷ்டம்?

முதல் நஷ்டம் மீனவருக்கு. பவளப் பாறை இடுக்குகளில்தான் எத்தனையோ மீன்கள் குஞ்சு வளர்க்கின்றன. பாறை போனால் மீன் வளம் போகும்.

இரண்டாவது நஷ்டம் நிலத்துக்கு. அலையின் வேகத்தை உடைத்துக் கரைக்கு அனுப்புவது பவளப் பாறை. அது தேய்ந்தால் அலை நேராகக் கரையில் மோதும்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. ஏற்கெனவே நடந்திருக்கிறது. அந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் கடலில் மூழ்கி விட்டன! சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் மனிதன் பல ஆண்டுகள் பவளப் பாறையை வெட்டி எடுத்ததே அதற்கு முக்கிய காரணம் என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள்.

2001-ம் ஆண்டில் பவளத்தை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். புலிக்கும் யானைக்கும் உள்ள பாதுகாப்பு அதற்கும் கிடைத்தது. பவளம் வெட்டுவது பெரும் குற்றம் ஆயிற்று.

தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார், உயிருள்ள பவளத் துண்டுகளை நாற்று நடுவது போல நட்டு வளர்க்கிறார்கள். தேய்ந்து வந்த வான் தீவைச் சுற்றி 2015-ம் ஆண்டு முதல் செயற்கைப் பாறைகளை இறக்கினார்கள். அலையின் வேகத்தைத் தடுக்கவே இந்த ஏற்பாடு.

வெட்டுகிற கையைச் சட்டம் தடுத்தது. சூட்டை எது தடுக்கும்? நிலக்கரியும் எண்ணெயும் எரிந்து வரும் புகை வானத்தில் சேரச் சேர, கடல் சூடாகிக் கொண்டே போகிறது. அது ஓர் ஊர் செய்த வினை அல்ல. உலகம் செய்த வினை. உலகம் சேர்ந்துதான் தீர்க்க வேண்டும்.

குடும்பத்தோடு கடலுக்குப் போனால்

நம்மால் முடிந்த சில காரியங்கள் உண்டு.

கடற்கரைக் கடைகளில் பவளத் துண்டை யாராவது விற்றால் வாங்காதீர்கள். அலங்காரப் பொருளாக வீட்டில் வைப்பதும் சட்டப்படி குற்றம். ஆழம் குறைந்த கடலில் இறங்கும்போது பாறைகளை மிதிக்காதீர்கள்.

மணலில் ஒதுங்கிய சொறிமீனைப் பிள்ளைகள் தொடாமல் பார்த்துக் கொள்ளுங்கள். செத்த சொறிமீனும் கொட்டும்! காசியோப்பியாவோ தொடாமலே கொட்டும். அது கக்கும் கோழையில் கொட்டும் உருண்டைகள் மிதந்து வருவதை 2020-ம் ஆண்டில் விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள்.

சொறிமீன் பட்டு விட்டால் மணலைப் போட்டுத் தேய்க்கக் கூடாது. நல்ல தண்ணீரும் ஊற்றக் கூடாது. இரண்டும் எரிச்சலைக் கூட்டும். கடல் நீரால் கழுவுங்கள். ஒட்டியிருக்கும் இழைகளை வெறும் கையால் தொடாமல் எடுத்து விடுங்கள். பிறகு பொறுக்கக் கூடிய சூட்டில் வெந்நீரில் வைத்தால் வலி குறையும். மூச்சு முட்டினாலும் மயக்கம் வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

மூளை இல்லை, எலும்பு இல்லை என்று நாம் அலட்சியமாகத் தாண்டிப் போகும் பிராணி அது. அதன் குலத்தில் பிறந்தவை, அந்நியப் பாசியை வீட்டுக்குள் வைத்து, மூலப்பொருள் கொடுத்து, அது கக்கும் விஷத்தையும் முறித்துக் கோடிக் கணக்கான ஆண்டுகள் குடித்தனம் நடத்தியிருக்கின்றன. அந்தக் குடித்தனம் கட்டிய பாறைதான் இன்றும் மன்னார் வளைகுடாவில் அலையைத் தடுத்து நிற்கிறது.

ஒரு டிகிரி சூடு கூடினால் அந்தக் கணக்கு தவறி விடும். அந்த ஒரு டிகிரி இப்போது மனிதன் கையில் இருக்கிறது.